48 வயதில் வேலையை விடலாமா? ராஜினாமாக் கடிதத்துக்கு முன்னால் முடிக்க வேண்டியவை

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 22 வருடமாக இருக்கிறீர்கள். வயது 48, மூன்று வருடமாகச் சர்க்கரை. மொத்தச் சம்பளம் 80,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 22,000. மகள் பிளஸ் டூ. வீட்டுக் கடன் தவணை போக மாதச் செலவு 45,000. அந்தக் கடனில் 9 லட்சம் பாக்கி. பி.எப்.பில் 34 லட்சமும், மியூச்சுவல் ஃபண்ட், வங்கி டெபாசிட் என்று 41 லட்சமும் இருக்கிறது. கிணத்துக்கடவு பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு. நோட்டீஸ் காலம் மூன்று மாதம். "இது போதுமா, எப்போது சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியதை இரண்டு தடவை படித்தேன். போதுமா என்பதை விட, சம்பளம் நின்ற மறுநாள் அதோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் நின்றுபோகும் என்ற கவலைதான் அதில் அதிகம். அது நியாயமான கவலை, அதையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் பர்சனல் டிபார்ட்மென்ட் ஆள். சிங்காநல்லூர் மில்லில் ஆரம்பித்து, அப்புறம் கணபதி, அரசூர்ப் பக்கத்து இன்ஜினியரிங் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ராஜினாமாக் கடிதம் வாங்குவதும் செட்டில்மென்ட் போடுவதும்தான் பிழைப்பு. அதனால் பி.எப்., கிராஜுவிட்டி, நோட்டீஸ் பற்றிச் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். முதலீடு பற்றிச் சொல்வது என் சொந்தக் கருத்து, அவ்வளவுதான். வரி நுணுக்கம் ஆடிட்டர் வேலை.

முதலில் கணக்கு. கையில் இருக்கும் 75 லட்சத்தோடு கிராஜுவிட்டி ஐந்து லட்சம் சேரும். அதில் கடனுக்கு 9 லட்சம், மகளின் நான்கு வருடப் படிப்புக்கு விடுதியோடு 15 லட்சம் என்று எடுத்து வைத்தால் மிச்சம் 56 லட்சம். இதில் வருடத்துக்கு எவ்வளவு எடுத்தால் ஆயுசு முழுக்க வரும் என்பதுதான் யாராலும் அடித்துச் சொல்ல முடியாத இடம். வருடச் செலவைப் போல 25 மடங்கு இருந்தால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். அது 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த நாட்டுப் பங்குகள், அரசுக் கடன் பத்திரங்களின் பழைய விவரங்களை வைத்துப் போட்ட கணக்கிலிருந்து வந்தது. அவர் போட்டது 30 வருட ஓய்வுக்கு. 48-ல் நிறுத்துகிறவர் 40 வருடத்துக்காவது திட்டம் போட வேண்டும். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகிவிடும். ஆகவே நான் 33 மடங்கு, அதாவது வருடம் 3 சதவீதம் மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொள்வேன். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. என் பயம் எவ்வளவோ அவ்வளவு மடங்கு.

அந்தக் கணக்குப்படி 56 லட்சத்திலிருந்து மாதம் 14,000 எடுக்கலாம். மனைவி சம்பளத்தோடு 36,000. மாதம் 9,000 துண்டு விழுகிறது. மனைவிக்கும் ஒரு நாள் ஓய்வு வரும், தனியார் பள்ளியில் சொல்லிக்கொள்ளும்படி பென்ஷனும் இருக்காது. மகள் கல்யாணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. நம் பக்கம் கல்யாணச் செலவு ஒரு நாளோடு முடிகிறதா என்ன, அதற்குப் பின்னால் வரும் சீர் வரிசைதான் நீளம். தோட்டத்தை இதில் நான் சேர்க்கவில்லை, காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எனவே இப்போதே முழுசாக விட்டுவிடலாமா என்றால், வேண்டாம் என்பேன். இரண்டு வருடம் கழித்து, அதுவும் பாதி மட்டும் விடுவதாக இருந்தால் தாராளமாக முடியும். பாதி என்று எதைச் சொல்கிறேன் என்றால், குறிச்சி சிட்கோ, மலுமிச்சம்பட்டி, அரசூர் பக்கம் பம்புக்கும் வால்வுக்கும் உதிரிபாகம் செய்து கொடுக்கிற சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நிறைய. இருபது முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் முழு நேரத் தர மேலாளர் வைக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் கஸ்டமர் ஆடிட் வருகிறது, கேஜ் என்கிற அளவுக் கருவிகளைச் சரிபார்த்த காலிபரேஷன் பதிவேடு வேண்டும், ரிஜக்‌ஷன் வந்தால் காரணம் எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். வாரம் இரண்டு நாள் போய்ப் பார்த்துக் கொடுத்தால் மாதம் 15,000 கிடைக்கலாம். சின்னத் தொகைதான். ஆனால் நான் சொன்ன 3 சதவீதக் கணக்கில் மாதம் 15,000 வேண்டுமென்றால் 60 லட்சம் சேர்த்திருக்க வேண்டும். ஆர்டர் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவதும் இப்படி வருகிறவர்தான் என்பதால், இதை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளாமல் இரண்டு மூன்று யூனிட்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் பலருக்கு ஒரு பயம் வரும். "வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனிக்குப் போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களே?" 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலை முடிந்த பிறகும் தொழில் செய்யக் கூடாது என்று தடுக்கும் நிபந்தனை செல்லாது. அதற்காகப் பழைய கம்பெனியின் டிராயிங்கையும் விலைப் பட்டியலையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. ரகசியம் காக்கும் நிபந்தனை வேலை முடிந்த பிறகும் நிற்கும்.

சரி, இந்த இரண்டு வருடத்தில் என்ன செய்வது? சேமிப்பு ஒரு பக்கம் நடக்கட்டும், நீங்கள் கவனிக்க வேண்டியது காகிதங்களை. பி.எப். கணக்கில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கூடுதல். பி.எப்.பில் இனிஷியலோடு பெயர், ஆதாரில் அப்பா பெயரை முழுசாக நீட்டி ஒரு பெயர், பான் கார்டில் முன்பின்னாக மாற்றி மூன்றாவது பெயர். பிறந்த தேதி வேறு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. இதையெல்லாம் திருத்தக் கம்பெனியும் சேர்ந்து உறுதி செய்ய வேண்டி வரும். உள்ளே இருக்கும்வரை எச்.ஆரில் ஒரு டீ குடித்துக்கொண்டே முடித்துவிடலாம். வெளியே போன பிறகு, அந்த இடத்தில் ஆள் மாறியிருக்கும், உங்களை யாரென்றே தெரியாதவர் உட்கார்ந்திருப்பார். நாமினேஷனையும் அப்போதே ஆன்லைனில் போட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலருக்கு அதில் இன்னும் அம்மா பெயர்தான் இருக்கும்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. என் கணக்கில் இதுதான் தலையாயது. கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. இப்போதே குடும்பத்துக்குச் சொந்தப் பாலிசி எடுத்துவிட்டால், இரண்டு வருடம் கழித்து நீங்கள் வெளியே வரும்போது அந்தக் காலத்தில் பெரும்பகுதி ஓடியிருக்கும். அதுவரை கம்பெனி பாலிசியும் கையில் இருக்கிறது. விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள், ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அது ஒரு சின்ன லாபம். குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறும் வழியும் உண்டு. ஆனால் அதைக் கேட்க வேண்டியது வெளியேறும் முன்பே.

இதைப் படிக்கிற, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருக்கும் மில், பவுண்டரித் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து, ஓய்வு வயதிலோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்தவர் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால், அவரும் மனைவியும் தொடர்ந்து இ.எஸ்.ஐ. வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். மாதத்துக்கு இல்லை, வருடத்துக்கே 120. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு இது தெரியாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிராஜுவிட்டி கணக்கில் சந்தேகமே கிடையாது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடத்தால் பெருக்க வேண்டும். உங்களுக்கு அது 40,000 என்றால் 22 வருடத்துக்கு 5,07,692 ரூபாய். 20 லட்சம் வரை வரி இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் போன மிச்சத்தை முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். எனவே கடைசி நாளைக் குறிக்கும் முன் வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பாருங்கள். பத்து நாள் பொறுத்தால் ஒரு வருடம் கூடுமென்றால் அந்தப் பத்து நாளுக்கு விலை 23,000 ரூபாய். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியம் என்பதன் வரையறை மாறியிருக்கிறது. அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டுவது மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால், அந்தக் கூடுதலையும் ஊதியத்தில் சேர்க்க வேண்டும். சம்பளச் சீட்டில் அடிப்படையைக் குறைத்துக் காட்டும் கம்பெனியில் இருப்பவர்களுக்கு இது உதவும். நோட்டீஸ் முழுசாகக் கொடுக்கவில்லை என்பதற்காகக் கிராஜுவிட்டியை நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு, தொழிலாளர் துறையில் முறையிடலாம்.

பி.எப். பணத்தை உடனே எடுக்க வேண்டியதில்லை. 58 வயது வரை வட்டி ஏறும், 2024-25-க்கு 8.25 சதவீதம். வேலையை விட்ட பிறகு வரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு என்பதை ஆடிட்டரிடம் சொல்லி வையுங்கள். பி.எப்.போடு சேர்ந்த பென்ஷனைப் பெரிதாக நம்ப வேண்டாம். அதற்கான ஊதிய வரம்பு 2014 ஆகஸ்ட் வரை 6,500, அதன் பிறகு 15,000. உங்களுக்கு 58-ல் மாதம் நாலாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். 50 வயதிலேயே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டுவார்கள். எட்டு வருடம் முன்னால் வாங்கினால் கால் பங்குக்கு மேல் போய்விடும், அதுவும் ஆயுசுக்கும். 50 ஆவதற்குள் வெளியே வந்தால் ஸ்கீம் சர்டிபிகேட் என்று ஒன்று வாங்கிப் பீரோவில் வையுங்கள். பின்னால் பென்ஷன் கேட்க அதுதான் ஆதாரம்.

கடன் விஷயம் சுருக்கமாக. வங்கி உங்களை மதிப்பது சம்பளச் சீட்டை வைத்துத்தான். வட்டி குறைவான வங்கிக்குக் கடனை மாற்றுவதோ, மகள் படிப்புக் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடுவதோ, எதுவானாலும் வேலையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

இனி நோட்டீஸ். கோவையில் பல கம்பெனிகள் இன்னும் குடும்பக் கம்பெனிகள்தான். மின்னஞ்சலில் கடிதத்தைத் தட்டிவிட்டுப் போவது உங்கள் உரிமை. ஆனால் 22 வருடம் இருந்தவர் அப்படிச் செய்தால் பெரிய முதலாளி அதை அவமரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார், செட்டில்மென்ட் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. காலையில் உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள், அன்றைக்கே முதலாளியை நேரில் பாருங்கள், அதே நாளில் கடிதத்தைக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி விட்டால் கேன்டீன் வழியாகச் செய்தி போய்விடும். கடிதத்தில் காரணம் விளக்க வேண்டாம். தனிப்பட்ட காரணத்தால் விலகுகிறேன், நியமன ஆணைப்படி மூன்று மாத நோட்டீஸ் இன்று தொடங்குகிறது, கடைசி வேலை நாள் இது. போதும்.

அவர் "ஏனுங்க, வேற யாராவது கூப்புட்டாங்களா? சம்பளம் பத்துலீங்களா?" என்று கேட்பார். இல்லை என்று தெரிந்ததும் அடுத்துச் சொல்வது பெரும்பாலும் "அப்ப வாரத்துல மூணு நாள் வந்து போங்க, பாதிச் சம்பளம் வாங்கிக்கங்க" என்பதுதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதே வேலையில் இருந்துகொண்டே பாதிச் சம்பளத்துக்கு இறங்காதீர்கள். கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல் போடுவது என்று சொன்னேனே, 22 வருடத்துக்கும் சேர்த்து அது பாதியாகிவிடும். முதலில் ராஜினாமா, முழு செட்டில்மென்ட், அதன் பிறகு ஆலோசகராகப் புது ஒப்பந்தம். இந்த வரிசையில் வந்தால் உங்கள் முதல் வாடிக்கையாளர் உங்கள் பழைய கம்பெனியாகவே இருக்கலாம்.

எந்த மாதம்? தீபாவளி போனஸில் சட்டப்படியானது வேறு, உங்களைப் போன்ற மேலாளர்களுக்கு முதலாளி பார்த்துக் கொடுப்பது வேறு. இரண்டாவது அவர் மனசைப் பொறுத்தது, நோட்டீஸில் இருப்பவருக்கு அது சுருங்கும். ஆகவே தீபாவளி தாண்டட்டும். மார்கழியில் எதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள், அதையும் மதித்துப் பொங்கல் முடிந்து கொடுத்தால் ஏப்ரல் மூன்றாம் வாரம் வெளியே வரலாம். புது வருமான வரி ஆண்டும் பிறந்திருக்கும். கம்பெனி ஏப்ரலில் இன்க்ரிமென்ட் போடும் வழக்கமிருந்தால் அது கிராஜுவிட்டியைத் தூக்கும், ஆனால் போகிறவருக்குப் போடுவார்களா என்பது சந்தேகம்தான். மிச்ச விடுப்பை நோட்டீஸில் கழித்துக்கொள்வது கம்பெனி சம்மதித்தால்தான் உண்டு. புதிய சட்டத் தொகுப்புப்படி சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இழுப்பார்கள், கைச்செலவுக்கு இரண்டு மாதப் பணம் தனியாக இருக்கட்டும்.

செட்டில்மென்ட் தொகை எவ்வளவு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஒறம்பரையில், அதாவது சொந்தக்காரர்களில், ஒருவர் கைமாற்று கேட்பார், இன்னொருவர் பைனான்ஸில் போடச் சொல்வார், மூன்றாமவர் ஜாமீன் கையெழுத்து மட்டும்தானே என்பார். மூன்றிலும் அந்தக் கையெழுத்துதான் ஆபத்து, ஏனென்றால் அதில் பணம் போவது பல வருடம் கழித்துத்தான் தெரியும். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணம் போட்டவர்கள் ஏமாந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அப்பா சும்மா இருக்கிறாரா என்று கேட்பார்களே என்ற கவலையும் உங்கள் கேள்வியில் ஓரமாக இருந்தது. தோட்டம் பார்க்கிறார் என்று சொன்னால் நம் ஊரில் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன். ஏக்கருக்கு 70 மரம் என்றால் 280 மரம், நல்ல சொத்து. ஆனால் வருமானமாக நான் பூஜ்யம் போட்டதற்குக் காரணம் உண்டு. 2016-லிருந்து பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ, ஆனைமலைப் பக்கம் கேரள வாடல் நோய், மரத்தையே வெட்டிப் போடுகிறார்கள். 2023-ல் விலையில்லாமல் விவசாயிகள் போராடினார்கள், 2025-ல் தேங்காய் வரலாறு காணாத விலைக்குப் போனது. ஒரு போர்வெல் வற்றி இன்னொன்று போட்டால் இரண்டு வருட மகசூல் அதிலேயே போய்விடும். நல்ல வருடத்தில் வருவதை மகள் கல்யாணக் கணக்கில் போட்டு வையுங்கள், மாதச் செலவுக்கு நம்ப வேண்டாம். இன்னொன்று, தோட்டம் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஈரோட்டில் அக்கா இருப்பதாக ஓரிடத்தில் வருகிறது. அப்பா சுயமாகச் சம்பாதித்தது என்றால் அவர் விருப்பப்படி எழுதி வைக்கலாம். பூர்வீகம் என்றால் பெண்ணுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்கு அந்த உரிமை வந்துவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் கொடுத்தது. பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ பதிவாகாதவரை அந்த நாலு ஏக்கரில் உங்களுடையது எவ்வளவு என்று நீங்களே சொல்ல முடியாது. அக்காவிடம் உட்கார்ந்து பேசி அதை முதலில் முடியுங்கள். பட்டா உங்கள் பெயருக்கு வந்ததும் ஏக்கர் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எப்படி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் பாசனம் உண்டா என்று எழுதுங்கள், தோட்டத்தையும் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.